மாப்பிள்ளை தாண்ட மாட்டார்

எங்கள் குதிரைப் பள்ளியில் ஒரு வேலையும் செய்யாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டவர் ஒரே ஒருவர்தான். இடுப்பளவு உயரமுள்ள மட்டக்குதிரை. தீவனத் தொட்டியைத் தவிர வேறெந்தத் திசையிலும் அவர் அவசரமாக நடந்து நான் பார்த்ததில்லை. என் மனைவிதான் மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். அதற்குப் பிறகு அவரை மரியாதைக் குறைவாகப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை, அக்காவைத் தவிர.

பள்ளி என் அக்காவுடையது. நான் சவாரி சொல்லித்தரும் வாத்தியார். ஒருநாள் அக்கா லாயத்துக் கதவில் சாய்ந்து நின்று மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பி, இது தண்டச்சோறு. பொருட்காட்சியில பிள்ளைங்கள ஏத்தி நாள் பூரா சுத்துறானே, அவன் கேக்குறான். ஆண்டு விழாவுல இது கம்பு தாண்டட்டும், இங்கயே கிடக்கட்டும். இல்லேன்னா மறுநாளே வண்டி வந்துடும்."

மாப்பிள்ளையை ஓட்டுபவள் என் மகள். எட்டு வயது. விஷயம் தெரிந்து அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். "அப்பா, நீங்க பெரிய பெரிய குதிரைக்கெல்லாம் சொல்லிக்குடுத்தவர்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

முறைப்படி ஆரம்பித்தேன். முதலில் கம்பைத் தரையில் போட்டு, அதன் மேல் நடக்க விடவேண்டும். பழகியதும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தவேண்டும். தரையில் கிடந்த கம்பை மாப்பிள்ளை மோந்து பார்த்தார். நக்கினார். பிறகு சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து அடைத்தேன். நின்ற இடத்திலேயே தூங்கிவிட்டார். மகள் மேலே உட்கார்ந்து கெஞ்சினாள், கொஞ்சினாள், குதிகாலால் தட்டினாள். மனிதர் காதைக்கூட ஆட்டவில்லை.

நான் பொறுமைக்குப் பெயர்போனவன் அல்ல. ஒருநாள் காலையில் கோபம் தலைக்கேறிவிட்டது.

"அட மடச்சாம்பிராணி! இதுக்குப் பேருதான்யா தாண்டுறது! நல்லாப் பாத்துக்க!"

கத்திக்கொண்டே ஓடிப்போய் நானே கம்பைத் தாண்டினேன். பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். திரும்பினால் மாப்பிள்ளை என் முதுகை உரசிக்கொண்டு நிற்கிறார். மேலே என் மகள், வாயெல்லாம் பல்.

"அப்பா, இன்னொரு தடவை!"

அதோடு என் நிம்மதி போயிற்று. நான் தாண்டினால் அவர் தாண்டுவார். நான் நின்றால் அவரும் நின்றுவிடுவார். கம்பு உயர உயர நானும் உயர வேண்டியிருந்தது. என் வயதில் உள்ளவர்கள் மாடிப்படி ஏறவே யோசிப்பார்கள். முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டபடி என் மனைவி கேட்டாள்: "யாரு யாருக்குங்க பயிற்சி குடுக்கிறது?"

உள்ளதைச் சொல்வதானால், எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் வீட்டு நாய்கூட என் பின்னால் வந்ததில்லை. ஒரு ஜீவன் என்னையே நம்பி, முதுகுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு ஓடிவருகிறது. சும்மாவா?

விழாவிலும் நானே முன்னால் ஓடித் தாண்டிவிடுவது, அக்காவைப் பிறகு சமாளித்துக்கொள்வது என்பதுதான் என் திட்டம். முந்தின நாள் ஆசை அடங்காமல் ஒரு தடவை கூடுதலாகத் தாண்டினேன். முட்டி மளுக்கென்றது.

விழாவன்று கைத்தடியோடு வேலிக்கு வெளியே நின்றேன். முதல் வரிசையில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளைச் சுமந்துகொண்டு மாப்பிள்ளை கம்பு வரைக்கும் வந்தார், நின்றார். கழுத்தைத் திருப்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்ததும் காத்திருந்தார். நான் தடியைப் போட்டுவிட்டு ஓர் அடி வைத்தேன். கால் மடங்கி வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க வேணாம்பா," என்றாள் மகள்.

இறங்கினாள். ஓடிப்போய்க் கம்பைத் தாண்டினாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு காலிச் சேணத்தோடு, கம்பில் குளம்பு படாமல் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் நின்றார். என் பின்னால் ஒருநாளும் அவ்வளவு அழகாகத் தாண்டியதில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா தட்டவில்லை. "மேல ஆளே இல்லாம தாண்டுறதெல்லாம் ஒரு தாண்டலா?"

"அத்தை, அவர் தாண்டணும்னுதானே சொன்னீங்க. நான் மேல இருக்கணும்னு சொல்லவே இல்லையே."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். "வாய் அப்படியே அப்பன் வாய்," என்று முணுமுணுத்தபடி, வண்டி வேண்டாம் என்று சொல்ல போனை எடுத்தாள்.

சீக்கிரத்திலேயே மகள் மேலே இருக்கும்போதும் மாப்பிள்ளை தாண்ட ஆரம்பித்தார். முன்னால் ஓட யாரும் தேவைப்படவில்லை. அக்காவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. மகளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

முட்டி ஆறியதும் ஒரு காலையில், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மைதானத்துக்குப் போனேன். மாப்பிள்ளை மேய்ந்துகொண்டிருந்தார். கம்பை ரொம்பத் தாழ்வாக வைத்தேன். "வாங்க மாப்பிள்ளை," என்று கூப்பிட்டுவிட்டு ஓடிப்போய்த் தாண்டினேன். பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் வாயில் புல்லோடு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாப்பிடும்போது என் மனைவி, கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டாள். முட்டி வலி என்றேன். எழுந்துபோய்த் தைலத்தை எடுத்துவந்தாள்.