எஃபியின் வெள்ளை ஹீதரை டோர்க்கில் வெட்டிய விதம்

1

இது நான் யோசித்துப் பிடித்த கதை இல்லை. என் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தது. பக்கத்து வீட்டு எஃபி ஏப்ரலில் இரண்டு வாரம் இன்வெர்னஸில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அப்போது எதிர்வீட்டுக்காரர் டோர்க்கில் செடி வெட்டும் கத்தரியோடு அவள் தோட்டத்துக்குள் நுழைந்தார். நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். வேடிக்கை பார்க்கவில்லை. (சரி, பார்த்தேன்.)

"மலை முழுக்க ஊதா நிறத்தில்…" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். மலையெல்லாம் மண்டிய ஹீதர் புதர் ஊதாவாகப் பூப்பது ஆகஸ்டில்; ஏப்ரலில் எங்கள் மலை பழுப்புதான். ஊதாவை, டப்பா மூடியில் மலைப் படம் போடும் பிஸ்கட்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். அடுத்து, "காதல் என்பது…" இதைத் தொடராததற்கு நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

2

டோர்க்கிலுக்கு அறுபத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. காட்டுக்கோழிகள் தின்ன இளந்தளிர் வரட்டும் என்று நாற்பது வருஷம் மலையில் ஹீதரைப் பட்டை பட்டையாக எரித்தவர். எஃபி மேல் அவருக்குப் பிரியம் என்று ஊருக்கே தெரியும். எஃபியிடம்தான் சொல்லவில்லை. வாரம் தவறாமல் அவளுக்கு விறகு பிளந்து தருவார், "குளிருது" என்பார், போய்விடுவார். இப்படி ஒரு கதாநாயகனை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதையை நகர்த்துவது?

எஃபியின் கணவர் ரூரி இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மலையில் வெள்ளையாகப் பூக்கும் ஹீதர் கிடைப்பது அபூர்வம், கிடைத்தால் அதிர்ஷ்டம். கல்யாணத்துக்கு முன்பே ரூரி ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து நட்டார். எஃபியின் கல்யாணப் பூச்செண்டில் இருந்தது அந்தச் செடியின் கொத்துதான்.

3

தோட்டத்து ஹீதரைப் போன வருஷத்துப் பூவுக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். பச்சை முடிந்து பழுப்புக் கட்டைக்குள் கத்தரி இறங்கிவிட்டால், வயதான செடி அநேகமாகப் பிழைக்காது. ரூரியின் செடியை டோர்க்கில் கட்டையோடு வெட்டியிருந்தார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். வைத்த கேக்கைத் தொடவில்லை.

"மலையில எரிச்சாலே முளைக்குது, வெட்டினா முளைக்காதான்னு நெனச்சுட்டேன்," என்றார். "நீ எப்படியும் இதை எழுதுவ. தெரியாம நடந்துடுச்சுன்னு போட்டுடும்மா. நீ எழுதினா அவ நம்புவா."

என் கதைகளை முதலில் படிப்பது எஃபிதான். இது மலைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு என்று பட்டது. மனசு இளகி வாக்குக் கொடுத்துவிட்டேன்.

[மறுநாள் போய்ப் பார்த்தேன். எஃபி தோட்டத்தின் மற்ற பதினோரு ஹீதர் செடிகளும் பூவுக்குச் சரியாகக் கீழே, முடிவெட்டிவிட்டது போல அளவாக வெட்டப்பட்டிருந்தன. எஃபி படிப்பதற்குள் இந்தப் பத்தியை எடுத்துவிட வேண்டும்.]

4

முடிவுகள் சில யோசித்தேன். மே மாதம் கட்டையில் தளிர் விடுகிறது. மே வந்து போய்விட்டது, கட்டை அப்படியே இருக்கிறது. டோர்க்கில் மலையேறி வேறொரு வெள்ளைச் செடியோடு… ஆகஸ்டில் பூக்கும்வரை எது வெள்ளை என்று அவருக்கு எப்படித் தெரியும்? விடுங்கள்.

ஊர் திரும்பிய எஃபி கட்டையைப் பார்த்தாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் ஆறு வாரமாக விறகு கொண்டுவரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் என் நாயிடம் பேசுகிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது.

5

நேற்று எஃபி வந்து, கதை முடிந்ததா என்றாள்.

"தெரியாம வெட்டிட்டார்னுதானே எழுதியிருக்க?"

"வேற எப்படி எழுதறது?" என்றேன்.

"தெரியாம வெட்டியிருந்தா, பாவம்னு மன்னிச்சுடுவேன். விறகு வரும், வாங்கிக்குவேன். பழையபடி போகும்."

"தெரிஞ்சே வெட்டியிருந்தா?"

எதிர்வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"ரூரியோட செடிடி அது. நாலு நாள் திட்டித் தீர்ப்பேன். ஆனா ஒம்போது வருஷத்துல அந்த மனுஷன் துணிஞ்சு செஞ்ச மொத காரியமும் அதுதான். அஞ்சாம் நாள் நானே போய்க் கதவைத் தட்டுவேன்."

நாளைக் காலை தாள்களை வாங்க வருகிறாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால் அவருக்குக் காலமெல்லாம் விறகு பிளக்கும் வேலைதான். மீறினால் நான் காட்டிக்கொடுத்தவள். அவர் மனசில் என்ன இருந்தது என்று அவருக்கே தெரியுமா என்பதும் சந்தேகம். ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்:

டோர்க்கில் அந்தச் செடியை ………… வெட்டினார்.

பென்சில் இதோ. நீங்கள் எழுதுங்கள், எனக்குக் கை வரவில்லை. சீக்கிரம், எஃபி ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள்.