எட்டு மணிச் சேவல்கள்

1947ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை சிவபாதசுந்தரம் மாஸ்டருக்கு ஒரு கடிதம் வந்தது. அதை வாசித்த பிறகு அவருக்குக் காலைச் சாப்பாடு இறங்கவில்லை. கொட்டாஞ்சேனையில் இருந்த தமிழ்ப் பாடநூல் குழுவின் செயலாளர் கனகசபாபதி தம் கைப்பட எழுதியிருந்தார். மாஸ்டர் மூன்று வருடம் பாடுபட்டு எழுதிய உயிரியல் நூல் நன்று, மொழிநடை நன்று, படங்களும் நன்று. கூர்ப்பைப் பற்றிய அத்தியாயம் மட்டும் ஏற்கத் தக்கதல்ல.

‘உயிர்கள் தலைமுறை தலைமுறையாக மாறுவதை விளக்க ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தையும், இங்கிலாந்தில் புகை படிந்த மரங்களில் இருக்கும் அந்துப்பூச்சியையும் காட்டியிருக்கிறீர்கள். எமது பிள்ளைகள் அந்தக் கழுத்தையும் கண்டதில்லை, அந்தப் புகையையும் கண்டதில்லை. உள்ளூரில் கண்ணால் காணக்கூடிய உதாரணம் ஒன்றைப் பதினைந்து நாளுக்குள் தராவிட்டால் அத்தியாயத்தை நீக்கிவிட்டு நூலை அச்சுக்குக் கொடுப்போம்.’

அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் நூலில் மிஞ்சுவது தவளையின் குடலும் அவரையின் வேரும்தான். மற்றதெல்லாம் எவரும் எழுதக்கூடியவை. இந்த அத்தியாயத்துக்காகத்தான் மாஸ்டர் கலியாணப் பேச்சுகளைக்கூடத் தள்ளிப்போட்டு, முப்பத்தொன்பது வயதில் வெள்ளவத்தையில் தனி வீட்டில் தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தார். உதாரணத்துக்கு எங்கே போவது? தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் போன வருடமே மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தாயிற்று. வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் குந்தியிருந்து உடும்புகளை நோட்டம் விட்டதில் தடிமன் பிடித்ததுதான் மிச்சம். கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு மாஸ்டர் பின்முற்றத்தில் இடிந்துபோய் இருந்தார்.

அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கம் சண்டை வெடித்தது.

பக்கத்து வீட்டு நஸீறாவின் குரல் அவருக்குப் பழக்கம். மற்றது அவளுடைய தங்கை ஹபீலா. களுபோவிலையிலிருந்து ரிக்‌ஷோ பிடித்துக்கொண்டு சண்டைக்கென்றே வந்திருந்தாள்.

“லாத்தா, ஒங்கட முட்டைய நம்பி அடைவெச்சேனே, என்னச் செல்லணும்! மூணு சேவலு. மூணும் எட்டு மணிக்கி முந்தி வாயத் தொறக்கிதில்ல. அத நம்பிப் படுத்து எங்கட அவரு ரெண்டு நாளு ரயில விட்டுட்டாரு. சேவலா இது, கச்சேரிக் கிளாக்கரா?”

“எங்கட சேவலும் அப்பிடித்தான் ஈக்கி. அதுகட கொணம் அது. கூவினா என்ன, கூவாட்டி என்ன, கறி ஒரே கறிதான்” என்றாள் நஸீறா.

மாஸ்டரின் மடியிலிருந்த கடிதம் கீழே விழுந்தது. எட்டு மணிக்குக் கூவும் சேவல்! அவர் யோசித்துப் பார்த்தார். 1938இல் இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம், விடியப்புறம் நாலு மணிக்கு ஒரு சேவல் அவர் காதுக்குள் வந்து நின்று கூவியது. மாஸ்டரின் நித்திரை கோழி நித்திரைதான். அன்றே மதிலடிக்குப் போய் முறையிட்டார். அயல்வீட்டு மனிதரின் நித்திரையைக் கெடுப்பது நஸீறாவுக்கு மானப் பிரச்சினை. அன்று மத்தியானமே மதிலுக்கு மேலால் ஒரு கிண்ணம் சேவல் கறி வந்தது. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் மாஸ்டர் கறிக்கு எதிரியல்ல. இப்படி முறைப்பாடும் கிண்ணமும் எத்தனையோ தடவை மதிலைத் தாண்டின. போன இரண்டு வருடத்தில் அவர் முறையிட்டதே குறைவு. தமக்கு இப்போதெல்லாம் நல்ல நித்திரை வருவதற்குச் சனிக்கிழமை எண்ணெய் முழுக்குத்தான் காரணம் என்று சக ஆசிரியர்களுக்கெல்லாம் புத்தி சொல்லி வந்தார்.

ஒரே பாய்ச்சலில் மதிலடிக்கு ஓடி, அங்கே கிடந்த சவர்க்காரப் பெட்டியில் ஏறி எட்டிப் பார்த்தார்.

“நஸீறா தங்கச்சி! உங்கட சேவல்கள்…”

நஸீறாவுக்கு முகம் வெளிறிவிட்டது. “அல்லாவே! கூவிட்டுதா மாஸ்டர்? எது? வாலு நீட்டமானவனா? செல்லுங்க, இப்பவே…”

“இல்லை, இல்லை! கூவேல்லை! ஒண்டும் கூவேல்லை! அதுதான் விஷயமே!” மாஸ்டர் மதிலில் இரண்டு கையாலும் தட்டினார். “ஒன்பது வருஷமா எந்தெந்தச் சேவலைக் கறி வைச்சனீங்கள் எண்டு ஞாபகம் இருக்கே?”

கேட்கக்கூடாத ஆளிடம் கேட்டுவிட்டார். நஸீறாவுக்குப் பெற்ற பிள்ளைகளின் பிறந்த திகதி மறந்தாலும் ஆக்கிய கறி மறக்காது. ஹபீலாவைக் கதிரையில் இருத்திவிட்டு அவள் தொடங்கினாள். மாஸ்டர் கொப்பியும் பென்சிலும் கொண்டுவந்தார்.

“மொதல்ல கறுப்பன். நாலு மணிக்காரன். எங்கட மகள் ஸமீமாக்குக் காது குத்தின கெழம. இஞ்சி கொஞ்சம் கூடிப்போச்சி, நீங்களே சென்னீங்க. பொறகு அவன்ட தம்பி, அவனும் நாலு மணி, அவனப் பொரிச்ச. ஜப்பான்காரன் குண்டு போட வந்த வருஷம் ரெண்டு பேரு, அஞ்சு மணிக்காரங்க. அரிசி கெடைக்கல்ல, பாணோட அனுப்பினன். அதுக்குப் பொறகு நாலு மணிக்காரன் எவனும் பொறக்கல்ல.”

“பொறுங்கோ, பொறுங்கோ! அடைவைச்ச முட்டையெல்லாம் ஆற்றை?”

“எங்கட பேட்டுக் கோழிட முட்டதான். வெளிய வாங்கிறதில்ல. மிஞ்சிற சேவலுதான் அதுகளுக்கு மாப்புள.”

மாஸ்டரின் பென்சில் முறிந்தது. கொப்பியில் இருபத்துமூன்று சேவல்கள் வரிசையாக நின்றன. நாலு மணி, நாலு மணி, ஐந்து, ஐந்து, ஐந்தரை, ஆறு, ஏழு. நாலு மணிக்காரர் ஒழிந்ததும் ஐந்து மணிக்காரர் அவருடைய காதுக்கு எதிரியானார்கள். அவர்கள் ஒழிந்ததும் ஆறு மணிக்காரர். ஆகப் பிந்திக் கூவியவன் மட்டுமே ஒவ்வொரு முறையும் தப்பிப் பிழைத்துத் தகப்பனானான். மகனும் தகப்பனைப் போலப் பிந்தியே கூவினான். இங்கிலாந்தின் புகையும் வேண்டாம், ஆபிரிக்காவின் கழுத்தும் வேண்டாம். உதாரணம் ஆறு அடி மதிலுக்கு அப்பால் கொக்கரித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அந்த இருபத்துமூன்றில் ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் அவருடைய வயிற்றுக்குள் போயிருக்கிறது! ஒன்பது வருடமாகத் தம் ஆராய்ச்சியின் ஆதாரத்தை மாஸ்டர் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டிருக்கிறார்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. மதிலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “மாஸ்டருக்கு என்னவோ ஆகிட்டு” என்று ஹபீலா மெல்லச் சொன்னாள். தன் சண்டையை அவள் மறந்தே போனாள்.

அன்று பின்னேரமே பதினொரு பக்கத்தில் கனகசபாபதிக்குக் கடிதம் பறந்தது. பதில் இரண்டே வரியில் வந்தது: ‘நேரில் காணாமல் நம்புவதற்கில்லை. அடுத்த சனிக்கிழமை இரவு வந்து தங்குவேன்.’

கனகசபாபதி வந்தார். அறுபது வயது, கழுத்துவரை பூட்டிய கோட்டு, சிரிப்பதற்கு அனுமதிப் பத்திரம் தேவை என்பது போன்ற முகம். மாஸ்டரின் கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டார். மாஸ்டர் சாய்மனைக் கதிரையில் கண் மூடாமல் கிடந்தார். விடியப்புறம் நாலேகாலுக்கு இருவரும் மதிலோரத்தில் கவிழ்த்து வைத்த சவர்க்காரப் பெட்டிகளின் மேல் ஏறி நின்றார்கள். மதிலுக்கு அப்பால் நிலவு வெளிச்சத்தில், கம்பி வலைக் கூட்டுக்குள் ஐந்து சேவல்கள் மரக்கட்டையில் இருந்தபடி சிறகுக்குள் தலையைச் செருகிக்கொண்டு உறங்கின.

நாலரைக்குப் பாமன்கடைப் பக்கம் தூரத்தில் ஒரு சேவல் கூவியது. அதற்குப் பதில் இன்னொன்று, பிறகு நாலைந்து. கூட்டுக்குள் ஒரு அசைவும் இல்லை. ஒரு சேவல் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. மாஸ்டருக்குப் பெட்டியில் நின்று துள்ளவேண்டும் போல் இருந்தது. அடக்கிக்கொண்டார்.

பள்ளிவாசலுக்குத் தொழப் புறப்பட்ட நஸீறாவின் கணவர் ஸாலிஹ், மதிலுக்கு மேலே இரண்டு தலைகளைக் கண்டு திடுக்கிட்டு நின்றார்.

“மாஸ்டர்! கள்ளனா?”

“இல்லை நானா, ஆராய்ச்சி.”

“ஆ, சரி சரி” என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார். படித்தவர்களின் விஷயத்தில் தலையிடுவது அவருக்குப் பழக்கமில்லை.

ஐந்தேகாலுக்குக் கனகசபாபதி தொண்டையைச் செருமினார். “சரி, கூவேல்லைத்தான். ஆனால் இது பயம், மிஸ்டர் சிவபாதசுந்தரம். கூவினவன் சட்டிக்குப் போறதைக் கண்டு மற்றதுகள் வாயைப் பொத்திக்கொண்டுதுகள்.”

“களுபோவிலையில மூண்டு நிக்குது ஐயா. முட்டையாப் போனதுகள். ஒரு கத்தியையும் காணாததுகள். அதுகளும் எட்டு மணிதான். பயம் எண்டால் முட்டைக்குள்ள இருந்தே பயந்ததுகளோ?”

கனகசபாபதி குறிப்புக் கொப்பியைத் திறந்து அதை எழுதிக்கொண்டார். பிறகு கடைசி அம்பை எடுத்தார். “அத்தியாயத்தின்ரை தலைப்பு இயற்கைத் தேர்வு. இதில இயற்கை எங்கை? ஒரு பொம்பிளை சேவலைப் பிடிச்சுச் சமைக்கிறா. இது உயிரியல் இல்லை, சமையல்.”

மாஸ்டர் ஒரு கிழமையாக எதிர்பார்த்துப் பயந்திருந்த கேள்வி அதுதான்.

“ஐயா, காட்டில ஒரு சேவல் கூவினால் நரி வந்து கொண்டு போகும். அதை இயற்கை எண்டு எழுத விடுவியள். நரிக்குக் கோழிச் சாதியைத் திருத்தவேணும் எண்டு எண்ணமில்லை. அதுக்குப் பசி, அவ்வளவுதான். நஸீறாவுக்கும் அந்த எண்ணமில்லை. அவவுக்கு என்ரை முறைப்பாட்டு ஆக்கினை. சேவல் நிக்கிற இடத்தில நிண்டு பாருங்கோ. சேவலுக்கு நஸீறாதான் இயற்கை.”

“பேச்சு நல்லாயிருக்கு. ஆனால் அந்த இயற்கையை நான் கண்ணால காணவேணுமே. நீர் காட்டுறது நித்திரை கொள்ளுற ஐஞ்சு கோழி மட்டும்தான்” என்றார் கனகசபாபதி.

அவர் வாய் மூடவில்லை. கூட்டின் ஓரத்தில் இருந்த, இன்னும் கூவத் தொடங்கியிராத சின்னச் சேவல் ஒன்று, செங்காலன், சிறகை இரண்டு தடவை அடித்துக் கழுத்தை உயர்த்தியது. வேண்டாமடா ராசா, இண்டைக்கு மட்டும் வேண்டாம் என்று மாஸ்டர் மனத்துக்குள் கும்பிட்டார். செங்காலனுக்குப் பாடநூல் குழுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெள்ளவத்தை முழுவதும் கேட்கும்படி ஒரு கூவல் கூவியது. போதாதென்று இன்னுமொன்று.

கனகசபாபதி மணிக்கூட்டைப் பார்த்தார். “ஐஞ்சு மணி இருபத்தைஞ்சு நிமிஷம்” என்று சொல்லித் தம் குறிப்புக் கொப்பியை மூடினார்.

மூன்று வருட உழைப்பு, பதினொரு பக்கக் கடிதம், எல்லாம் ஒரு குஞ்சுச் சேவலின் தொண்டையால் போயிற்று. அழுதுவிடுவோமோ என்று மாஸ்டர் பயந்தார். பெட்டியிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தும் விட்டார்.

அப்போது அடுத்த வீட்டுக் குசினிக் கதவு படாரென்று திறந்தது. தலையில் முக்காடு, கையில் மூடுகூடை. நஸீறாவின் முகம் வெட்கத்தில் சிவந்திருந்தது.

“எவன்டா அது? செங்காலனா? வெளியூரு ஆளு வந்து நிக்கிற நேரத்தில எங்கட மானத்த வாங்கிட்டியே!” கூட்டைத் திறந்து, உறங்கிக்கொண்டிருந்த நாலு பேரையும் தொடாமல், செங்காலனை மட்டும் ஒரே அமுக்காக அமுக்கிக் கூடைக்குள் போட்டாள். பிறகு மதிலுக்கு மேலே பார்த்தாள். “மன்னிச்சிக்கொங்க மாஸ்டர். ஐயாவும் மன்னிக்கணும். தொழுதுட்டு அவரு வந்த ஒடன அறுக்கிறம். பகல் சாப்பாட்டுக்கு நிண்டுட்டுப் போங்க.”

மாஸ்டர் கீழே வைத்த காலை மறுபடி பெட்டிமேல் வைத்தார். “ஐயா, கண்ணால காணவேணும் எண்டியள். இந்தா, இயற்கை எழும்பி வந்து நிக்குது.”

கனகசபாபதி கூடையைப் பார்த்தார். கூட்டுக்குள் அசையாமல் இருந்த நாலு சேவல்களைப் பார்த்தார். உதடு மெல்ல அசைந்தது. “அப்ப… அடுத்தமுறை அடைவைக்கிற முட்டை…”

“மிச்சம் இருக்கிற நாலு பேரின்ரை.”

“உவன்ரை?”

“உவனுக்குப் பிள்ளையில்லை ஐயா. உவன்ரை கூவல் உவனோடை சரி.”

அனுமதிப் பத்திரம் எங்கிருந்தோ கிடைத்துவிட்டது. கனகசபாபதி முதலில் மூக்கால் சிரித்தார், பிறகு வயிற்றால் சிரித்தார், பிறகு சவர்க்காரப் பெட்டி உடைந்து மாஸ்டரின் தோளில் தொங்கிக்கொண்டு சிரித்தார். என்ன பகிடி என்று விளங்காவிட்டாலும் நஸீறாவும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். செங்காலனை நினைக்க மாஸ்டருக்குக் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

எட்டு மணிக்கு நாலு சேவல்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவியதைக் கனகசபாபதி நேரம் குறித்து எழுதிக்கொண்டார். பகல் பன்னிரண்டரைக்கு மதிலுக்கு மேலால் வழக்கமான கிண்ணத்துக்குப் பதில் ஒரு பெரிய சட்டியே வந்தது. கூடவே நெய்ச்சோறு. மதிலுக்கு அந்தப் பக்கம் நஸீறா அகப்பையோடு காத்து நின்றாள். கனகசபாபதி கோட்டைக் கழற்றிவைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். முதல் கவளத்திலிருந்து சோற்றுக் கோப்பையை வழிக்கும் வரைக்கும் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எதிரே இருந்த மாஸ்டர் ஒரு வாயும் சாப்பிடாமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டார். “ஐயா, அத்தியாயம்?”

“அது அச்சுக்குப் போகும்” என்ற கனகசபாபதி, வெறுங்கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து மதிலடிக்குப் போனார். “தங்கச்சி, இந்த உதாரணத்தில இன்னும் ரெண்டு துண்டு போடுங்கோ.”