ஓதீலின் சூப்பும் நான் பார்க்காத தட்டும்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, எதிர்வீட்டு ஜன்னல் வழியே திருடியது. பிரான்சில், மலைமேல் இருக்கும் எங்கள் சந்தில் கையை நீட்டினால் எதிர்வீட்டு உப்பை எடுத்துவிடலாம். இருபத்திரண்டு வருடமாக இங்கே குடியிருக்கிறேன். ஒட்டுக்கேட்பது தப்பு என்று இந்தச் சந்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "செங்குத்துப் பாறையின் உச்சியில் பழங்காலக் கோட்டை, கீழே தொர்தோன் ஆறு வெள்ளி நாடாவைப் போல…"

வேண்டாம். கோட்டை வாசலில் இதே வரியை அச்சடித்த அஞ்சலட்டை விற்கிறார்கள். விற்பவள் எதிர்வீட்டு ஓதீல். கதையும் அவளுடையதுதான்.

2

கஸ்தோன் ஆற்றில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவன். மனைவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். ஓதீலுக்கும் கணவன் இல்லை. போன வசந்தத்தில் படகுத்துறையில், ஊரே பார்க்க, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று அவளிடம் கேட்டுவிட்டான்.

"முட்டி வலின்னு இருபது வருஷமா மேல ஏறாத ஆளுய்யா நீ. ஞாயித்துக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு நடந்து ஏறி வந்து சூப்பு குடி. அப்புறம் பதில் சொல்றேன்."

"கார்ல வந்தா?"

"வந்த கார்லயே திரும்பிப் போயிடு."

3

ஏறினான். புதுச் சட்டை, கையில் ஒரு புட்டி சிவப்பு ஒயின். வழியில் எட்டு இடத்தில் நின்றான். (இதைப் படித்த கஸ்தோன் பென்சிலால் 'நாலு' என்று திருத்தினான். ஆறு என்று வைத்துக்கொள்வோம்.)

ஓதீல் இருவருக்கும் குழித்தட்டு நிறையப் பூண்டு சூப் ஊற்றினாள். எங்கள் பக்கத்தில் சூப்பைக் குடித்து, கடைசி இரண்டு வாய் மிஞ்சும்போது அதில் ஒயினை ஊற்றித் தட்டோடு தூக்கிக் குடிப்போம். சமைத்தவளுக்கு அதுதான் மரியாதை. கஸ்தோனுக்கு இது தாய்ப்பாலோடு வந்த வழக்கம். ஆனால் அன்றைக்கு உட்கார்ந்ததும், ஒரு கரண்டிகூட வாயில் வைக்காமல், நிறைந்த தட்டில் ஒயினைச் சாய்த்துவிட்டான். சூப் விளிம்பில் ததும்பி நின்றது.

நான் என் ஜன்னலில் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தேன்.

"ருசி பாக்கறதுக்குள்ளயே ஊத்திட்டியா? என் சூப்பு அவ்ளோ கேவலமா?"

"ஐயோ, இல்லம்மா! கை தானா ஊத்திடுச்சு. வெள்ளத்துல படகு ஓட்டினப்பகூட எனக்கு இப்படி நடுங்கினதில்ல, ஓதீல்."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ன எழுத்தாளரே, பேனா இருக்கா, தரட்டுமா?"

ஜன்னல் கதவு படாரென்று சாத்தப்பட்டது.

4

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. முயன்று பார்த்தேன்.

முடிவு அ: கஸ்தோன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கி… (இல்லை. அந்த முட்டியோடு அவனை உடனே இறக்கிவிட எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு ஆ: ஓதீல் கண்ணீர் மல்க… (ஓதீலா!)

அவளிடமே கேட்டேன். "கதவுக்கு இந்தப் பக்கம் நடந்தது உனக்கெதுக்கு? கதை எழுதற ஆளுதானே, யோசி" என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

யோசிக்க வேண்டியது இனி நீங்கள். ஜன்னல் சாத்திய மறுநொடியே, மூடிய கதவுக்குப் பின்னால் நான் கேட்டது ஒரே ஒரு சத்தம்: புட்டியிலிருந்து ஒயின் மறுபடியும் கொட்டும் சத்தம், நிதானமாக, நிறைய. யாருடைய தட்டில் என்று நான் பார்க்கவில்லை.

ஆனால் கஸ்தோனின் தட்டில் இன்னொரு சொட்டுக்குக்கூட இடமில்லை; ஓதீலும் தன் சூப்பை இன்னும் தொட்டிருக்கவில்லை. அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.