செடியை வெட்டியது யார்?

மொனராகலையில் மச்சினன் வீட்டுக் கலியாணத்துக்குப் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பிய லிங்கம், பெரகல சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நல்ல மனுஷனாகத்தான் இறங்கினார். மேலே ஏறி வந்து, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த தன் கிழங்குப் பாத்திகளைப் பார்த்த பிறகுதான் ஆள் மாறிப்போனார்.

நாற்பது பாத்தியும் மொட்டை. போகும்போது இடுப்பளவு பச்சைப்பசேலென்று நின்ற உருளைக்கிழங்குச் செடிகளை யாரோ நிலத்தோடு நிலமாக அறுத்து, ஓரத்தில் குவித்திருந்தார்கள்.

"எவன்டா அது!"

அந்தச் சத்தத்தில் தேயிலை மலை அட்டைகள் கடித்துக்கொண்டிருந்த கால்களை விட்டுவிட்டுக் கீழே விழுந்தன. பெரகல சந்தியில் நின்றவர்கள் இடி என்று நினைத்துக் குடை விரித்தார்கள்.

கத்துவதற்குக் காரணம் இருந்தது. போன போகத்தில் அவர் தோண்டிய கிழங்கெல்லாம் பண்டாரவளைக்குப் போய்ச் சேர்வதற்குள் தோல் உரிந்து அம்மணமாகி, பாதி மூட்டை அழுகி நாறியது. வியாபாரி மொஹிதீன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அடுத்த முறையும் இப்பிடித் தோல் உரிஞ்சா, என்ட கடப் பக்கமே வர வேணாம்" என்று சொல்லியிருந்தார். கதை ஊர் பூராவும் பரவியதால் வேறு கடைக்காரர்களும் வாங்கமாட்டார்கள். லிங்கத்துக்கு இந்த விளைச்சல்தான் கடைசி வாய்ப்பு.

செய்தவன் யாரென்று யோசிக்க அவருக்கு நேரமே தேவைப்படவில்லை. அடுத்த காம்பரா வீட்டுப் புவனேந்திரனுக்கும் அவருக்கும் தண்ணீர்ப் பைப்பில் ஒன்பது வருஷச் சண்டை.

"டேய் புவனேந்திரா, வெளிய வாடா! பைப்புல கோவம்னா பைப்ப ஒடைடா! வாயில்லாத செடி ஒனக்கு என்னாடா பண்ணுச்சி?"

புவனேந்திரன் சவர நுரையோடு வந்து நின்றான். "அண்ணே, நான் அந்தப் பக்கமே வரலண்ணே."

"நீதான்! வெட்டுனது நீதான்! எல்லாரும் கேட்டுக்கங்க!"

இருபது காம்பராக் கதவையும் தட்டிச் சொன்னார். அதுவும் போதாமல், ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தும் சொன்னார். மணிச் சத்தம் ஓய்ந்தபோது, மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு இறங்கிய அவர் மனைவி ராமலட்சுமி எதிரே நின்றாள்.

"ஏன் இப்படிக் கத்துறீங்க? வெட்டுனது நான்."

"என்னாது?"

"நீங்க பஸ் ஏறுன அன்னைக்கே அறுத்துட்டேன்."

"ஒனக்குப் பைத்தியமாடி?"

"விவசாயப் போதனாசிரியரு கூட்டத்துக்கு நீங்க போகாம என்னையத்தானே அனுப்புனீங்க? கெழங்கு பருத்ததும் செடிய அறுத்துட்டு, ரெண்டு கெழம மண்ணுக்குள்ளயே விடணுமாம். அப்பதான் தோலு இறுகுமாம். வந்து மூணு தடவ சொன்னேன். மூணு தடவயும் நீங்க ரேடியோவக் கூட்டி வச்சீங்க."

"எல்லாம் அழுகிரும்டி! இப்பவே தோண்டுறேன்!" என்று அவர் பாத்திக்கு ஓடிவந்து மம்பட்டியைத் தூக்கினார்.

பின்னாலேயே வந்த ராமலட்சுமி பாத்தி நடுவில் கூடையோடு உட்கார்ந்தாள். "தோண்டுங்க. மொதல்ல என்னையத் தோண்டுங்க."

பக்கத்தில் கையை விட்டு ஒரு கிழங்கை எடுத்து, கட்டைவிரலால் தேய்த்தாள். தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. "போன தடவ இப்படித்தான் அவசரமாத் தோண்டுனீங்க. அதான் அழுகுச்சி."

லிங்கம் மம்பட்டியை வீசியெறிந்தார்.

"புவனேந்திரன்தான் வெட்டுனான்னு லயம் பூரா கத்துன வாயால, நான்தான் வெட்டுனேன்னு சொல்லணும்" என்றாள்.

"செத்தாலும் சொல்லமாட்டேன்."

அந்த இரண்டு வாரம் முடியும்வரை இருவரும் பேசவில்லை. காம்பராவுக்குள் இருந்த சூட்டில் அடுப்பு மூட்டாமலே சோறு வெந்தது. ராமலட்சுமி கதவில் சோக்கட்டியால் நாளுக்கொரு கோடு கிழித்தாள். ஒவ்வொரு கோட்டுக்கும் லிங்கம் பல்லைக் கடித்தார்.

செடி அறுத்த பதினைந்தாம் நாள் கிழங்கு வெளியே வந்தது. மொஹிதீன் லொறியோடு நேரிலேயே வந்து, ஒன்றை எடுத்துத் தேய்த்தார். நகத்தால் சுரண்டினார். பிறகு மோதிரத்தால் சுரண்டினார். தேய்ந்தது மோதிரம்தான்.

"தோல் நல்லாப் புடிச்சி இரிக்கி! யாருட வேல இது?"

லிங்கம் தொண்டையைச் செருமினார். "அது வந்து மொதலாளி, நான்தான் ஒரு யோசன பண்ணி..."

"பொய் மொதலாளி!" கூட்டத்திலிருந்து புவனேந்திரன் முன்னால் வந்தான். "செடிய அறுத்தது நான். யார வேணும்னாலும் கேளுங்க. அண்ணனே கோயில் மணியடிச்சிச் சொன்னாரு."

இருபது காம்பராவும் ஒன்றாகத் தலையாட்டியது.

"அப்ப அடுத்த போகம் நீங்க போடுற கெழங்கத்தான் நான் எடுக்கோணும்" என்று மொஹிதீன் அவன் பக்கம் திரும்பினார்.

லிங்கத்துக்கு ரத்தம் உச்சிக்கு ஏறியது. "டேய் திருட்டுப் பயலே! அறுத்தது என் பொண்டாட்டிடா! ராமலட்சுமி! அவதான் கூட்டத்துக்குப் போனா, அவதான் அறுத்தா, அவதான் என்னையத் தோண்ட விடாம மறிச்சா!"

அட்டைகள் மறுபடி விழுந்தன.

ராமலட்சுமி மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "லயத்துக்குக் கேட்ருக்காது. மணியடிச்சிச் சொல்லுங்க."

லிங்கம் அவளை முறைத்தார், புவனேந்திரனை முறைத்தார், கிழங்கையும் முறைத்தார். பிறகு மூன்று பேரையும் திட்டிக்கொண்டே கோயிலைப் பார்த்து நடந்தார்.