துளி விளக்கு

தரையில் பரவியிருந்த தண்ணீரைத் துணியால் ஒற்றிப் பிழிந்துவிட்டுச் சுப்பம்மா நிமிர்ந்தபோது, ஃப்ரிட்ஜின் முகப்பில் துளி வடிவ விளக்கு நீலமாக எரிந்தது. மோட்டார் ஓசை அடங்கியது. சற்று நேரம் ஒரு சத்தமுமில்லை. பிறகு உள்ளே டக்கென்று ஏதோ தெறித்தது. சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல ஒரு சீறல்.

"அழறா," என்றார் சங்கரன்.

அவர் எப்போது வந்தாரென்று தெரியவில்லை. வாக்கரைக் கூடத்திலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"இன்னா ஐயா இது, கீழ விழுந்தா யாரு பதில் சொல்றது?"

அவர் காதில் வாங்கவில்லை. கதவைத் திறந்து, மண்டியிட்டு, தட்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். பால் பாக்கெட், வெண்ணெய், திராட்சை எல்லாம் தரைக்கு வந்தன.

"காலை நீட்ட இடமில்லைங்கறா. இதையெல்லாம் எடுத்துண்டு போ."

அவர் மனைவி அபயாம்பாள் சித்திரையில் இறந்தாள். வெளிநாட்டிலிருந்து மகன் வந்துசேரும்வரை இரண்டு நாள், இதே மயிலாப்பூர் ஃபிளாட்டின் கூடத்தில், கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டிக்குள் கிடந்தாள். அதன் மோட்டாரும் இப்படித்தான் நின்று நின்று ஓடியதாம். அதற்குப் பிறகு அவரைப் பார்த்துக்கொள்ள வந்தவர்களில் சுப்பம்மா இரண்டாவது ஆள். காலை ஒன்பதுக்கு வந்தால், மகள் அனன்யா ஆபீஸிலிருந்து திரும்பும்வரை இருக்க வேண்டும். கோட்டூர்புரம் ஆற்றங்கரையில் இருந்த அவள் குடிசையை அரசாங்கத்தில் இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்திருந்தார்கள். அங்கே வேலை கிடையாது. இரண்டு பஸ் மாறி வந்துபோனாள்.

அவரைக் கைத்தாங்கலாக இழுத்து உட்கார வைத்தால் பத்து நிமிஷத்தில் மறுபடி எழுந்துவிடுவார். அவள் துணி துவைக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் ஃப்ரிட்ஜ் கதவின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சில பிற்பகல்களில், துளி விளக்கு எரிந்து உள்ளே பனி நொறுங்கும்போது, நகத்தால் சுரண்டுவதுபோல அவளுக்கே கேட்டது. அப்போதெல்லாம் ஃப்ரிட்ஜுக்கு முதுகைக் காட்டாமல் சுவரோரமாக நடந்து வெளியே வந்துவிடுவாள்.

மகள் வந்துவிட்டால் சங்கரன் வேறு மனிதர். கையில் பேப்பர், சட்டையில் மடிப்பு, தெளிவான பேச்சு.

பால் திரிந்தது, காய் அழுகியது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அனன்யா மெக்கானிக்கை அழைத்தாள். ராயப்பேட்டையிலிருந்து மெஹபூப் அலி வந்தார். பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினார்.

"ஒரு ரிப்பேரும் இல்ல மேடம். உள்ள பனி படியும். மோட்டார நிறுத்திட்டு ஹீட்டர் போட்டு அதுவே உருக்கிக்கும். அப்பதான் இந்தத் துளி லைட் எரியும். ஹீட்டர் மேல தண்ணி விழுந்தா சீறும், பிளாஸ்டிக் சூடேறுனா டக்குன்னும். ஒரு நாளைக்கு ஒரு தபா, மிஞ்சினா ரெண்டு தபா."

"ஆறு ஏழு தரம் எரியறதே?"

"கதவத் தொறந்துக்கினே இருந்தா ஈரக்காத்து உள்ள போவும். பனி ஜாஸ்தி படியும். அதுவும் உருக்கிக்கினே கீது." இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார். முகப்பில் எண் வந்தது. "நேத்து மட்டும் நூத்தி நாப்பத்தி மூணு தபா தொறந்துகீறாங்க."

சுப்பம்மா அந்த எண்ணை எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணில் பட்டது அதில் பாதிகூட இராது.

"பகல்ல நீதானே இருக்கே," என்றாள் அனன்யா.

"ஐயாதாம்மா தொறக்குறாரு. பெரியம்மா உள்ள கீறாங்கன்னு..."

அனன்யாவின் முகம் இறுகியது. "அப்பா?"

சங்கரன் பேப்பரை மடித்தார். "எனக்கென்ன வேலை அங்கே? வேணுங்கறதை அவதான் எடுத்துத் தரா." குரலில் சிறு பிசிறுகூட இல்லை.

"வெண்ணெய், பால், பழமெல்லாம் எங்கே போறது?"

"வெளிய எடுத்து வெச்சிடறாரும்மா. கெட்டுப்போயிடுது, கொட்டிட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

 முன்பு இந்த வேலையில் இருந்தவள் இதைச் சொன்னாள், மறுநாளே அவளை நிறுத்திவிட்டார்கள் என்று கீழே வாட்ச்மேன் கதிரேசன் சுப்பம்மாவிடம் சொல்லியிருந்தான்.

"அப்பாவுக்குப் புத்தி சரியில்லேன்னு அவளும் இதையேதான் சொன்னா. எல்லாருமா பேசி வெச்சுண்டு வரேளா?"

மெஹபூப் அலி குனிந்தபடி ஸ்பேனர்களைப் பையில் போட்டார். "யாரு தொறந்தாங்கன்னு மிஷின் சொல்லாது மேடம்," என்றார் மெதுவாக. அனன்யா அவருக்குப் பணம் கொடுத்து அனுப்பிக் கதவைச் சாத்தினாள். பிறகு சுப்பம்மாவிடம், திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றாள்.

அவள் படியிறங்கி வருவதற்குள், வெண்ணெய், பழம் ஏதும் இருக்கிறதா என்று பையைப் பார்க்கச் சொல்லிக் கதிரேசனுக்கு மேலிருந்து போன் வந்துவிட்டது. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பையை வாங்கி மதில் மேல் கவிழ்த்தான். மாற்றுப்புடவை, சீப்பு, மாத்திரை அட்டை, சாப்பாட்டு டப்பா. புடவையை உதறிப் பார்த்தான்.

தெருவில் இருட்டிக்கொண்டு வந்தது. சுப்பம்மா அண்ணாந்து பார்த்தாள். இரண்டாவது மாடிச் சமையலறை ஜன்னல் கறுப்பாக இருந்தது. பால்கனியில் அனன்யா தெருவுக்கு முதுகைக் காட்டியபடி யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். அப்போது ஜன்னல் கம்பிகள்மீது ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து வெளிறிய வெளிச்சம் விழுந்தது. கூரையில் குனிந்த தலையொன்றின் நிழல் அசைந்தது. வெளிச்சம் போயிற்று. மறுபடி வந்தது.

"மேல இன்னாக்கா பாக்குற?" என்றான் கதிரேசன். "டப்பாவத் தொற."

அவள் திறந்து காட்டினாள். அவன் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தான்.