பூச்சிக்கடிக்கான ஐந்தாவது குறிப்பு

1.

இந்தக் கதை ஒரு விளம்பரத் தாளிலிருந்து அடித்து நீக்கப்பட்ட வரியில் பிறந்தது. மறைக்க ஒன்றுமில்லை. கேரளத்தில் பூவாருக்குச் சற்று மேலே, நெய்யாற்றங்கரையில் நாலு கூடாரம் போட்டு விருந்தாளிகளை வைத்துப் பிழைப்பவள் என் தோழி ஸ்மிதா. நாகர்கோவில் பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தமிழில் ஒரு தாள் கேட்டாள். பூச்சி கடிக்காமல் இருக்க என்ன செய்யலாம், கடித்தால் என்ன செய்யலாம். ஐந்து குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். கைகால் மூடிய உடுப்புப் போடுங்கள். வெறும் புல்லில் உட்காராதீர்கள், விரிப்பு விரியுங்கள். கடித்த இடத்தைச் சொறியாமல் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் ஐஸ் சுற்றி ஒற்றுங்கள். வீடு திரும்பியதும் குளித்து, உடுத்த துணியை உடனே துவையுங்கள்.

ஐந்தாவது இது: இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், அக்குள், தொடையிடுக்கு, முழங்கால் மடிப்பு என்று மறைவான இடங்களில் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்மிதா ஐந்தாவதை மட்டும் பேனாவால் அடித்தாள்.

“இதை வாசிச்சா ஒருத்தன் இஞ்ச நிப்பானா? வந்த காரிலயே திரும்பிப் போவான். நீ கதை எழுதுத ஆளாக்கும். கதையில எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2.

முதல் தொடக்கம்: ‘நெய்யாறு அன்று தன் பழைய துயரத்தை யாரிடமோ’

[ஆற்றுக்குத் துயரம் எதற்கு? விட்டுவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: ‘புல்நுனியில் காத்திருக்கும் அந்தப் பூச்சிக்குஞ்சு கண்ணுக்கே தெரியாது, கடிப்பதும் வலிக்காது, அதன் எச்சில் வழியாக’

[இது பள்ளிக்கூடப் பாடம்.]

மூன்றாவது நின்றது: கூடாரத்திலிருந்து எழுந்து கழிப்பறைக்குப் போக பிரேமகுமாரிக்கு வெட்கமாக இருந்தது.

நாற்பத்திரண்டு வயது அவளுக்கு. அமரவிளையில் தையல் கடை. கணவன் சிவதாணுவுக்கு அதே சாலையில் பிளைவுட் கடை. ஓணம் விடுமுறைக்குச் சிவதாணுவின் தம்பி சஜு ஏற்பாடு செய்து, எல்லாரும் ஒருநாள் ஆற்றங்கரைக் கூடாரத்துக்குப் போனார்கள். (ஸ்மிதாவின் கூடாரம் அல்ல. வேறு கூடாரம். ஸ்மிதா இதை வாசிப்பாள்.) கழிப்பறை சுத்தமாகவே இருந்தது. ஆனால் சஜுவும் அவன் கூட்டாளிகளும் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த இடத்தைத் தாண்டித்தான் அங்கே போகவேண்டும். “மைனி, எங்கோட்டு?” என்று அண்ணி போகுமிடத்தை எவனாவது ஒருவன் கேட்டுவிட்டால் போதும், அவளுக்கு உயிர் போய்விடும். அதனால் யாரும் பார்க்காதபோது பின்பக்கமாக நடந்து, இடுப்பளவு புல்லுக்குள் உட்கார்ந்து எழுந்து வந்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

3.

மறுநாள் அவள் கைகளிலும் கணுக்காலிலும் சிவப்புச் சிவப்பாய்த் தடித்திருந்தது. கொசு பாதி, எறும்பு பாதி. ஐஸை ஒற்றினால் இரண்டு நாளில் அடங்கக்கூடியது. சிவதாணு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இது பூச்சி இல்லடீ. அங்க ஒரு சேரு நின்னுது, நான் கண்டேன். சேரு தீண்டினதாக்கும்.”

“நான் மரத்துக்க பக்கத்திலயே போகல்லியே.”

“பக்கத்தில போகண்டாம். காத்து பட்டாலே போரும்.”

சேரு ஒரு காட்டுமரம். அதன் பால் பட்டால் உடம்பு தடித்து வெந்துபோகும். அதன் நிழலில் நடந்தாலே ஆகாது என்றும் இங்கே நம்புகிறார்கள். சேருவின் கோபத்துக்கு மருந்து தான்னி. தமிழில் தான்றி மரம். அதைக் கண்டுபிடித்து மூன்று சுற்றுச் சுற்றி, கட்டிப்பிடித்து, சேரு செய்ததை நீ பொறுத்துக்கொள் என்று வேண்டவேண்டும்.¹

சிவதாணு பலகையான பிறகே மரத்தை அறிந்தவன். ஆனாலும் பத்துப் பேரிடம் போன் போட்டு, பாறசாலைக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்ட ஓரத்தில் தான்னி நிற்பதைக் கண்டுபிடித்து, கடையை அடைத்துவிட்டு ஸ்கூட்டரில் அவளைக் கொண்டுபோனான். அவள் சுற்றினாள். அவளுக்குத் துணையாக அவனும் சுற்றினான். மூன்றாம் நாள் தடிப்பு மறைந்தது. கொசுக்கடி அப்படித்தான் மறையும். பேர் தான்னிக்குப் போயிற்று.

¹ அங்கே நின்றது சேருதானா என்று எழுதிய எனக்கே தெரியாது. சேருவின் பால் உண்மையிலேயே பொல்லாதது. ஆனால் இந்த விஷயத்தில் அந்த மரத்துக்குச் சம்பந்தமில்லை.

4.

ஆறாம் நாள் குளிக்கும்போது அவள் கைக்குத் தட்டுப்பட்டது. தொடையும் உடம்பும் சேரும் இடத்தில், ஊதுபத்தியால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு. வலி இல்லை, அரிப்பும் இல்லை. தொந்தரவு செய்யாத ஒன்றை யாரிடம் போய்ச் சொல்வது? கொஞ்சம் தேங்காயெண்ணெய் தொட்டு வைத்தாள்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. மண்டையைப் பிளக்கும் தலைவலியோடு வந்தது.

“தான்னி முழுசாட்டுப் பொறுக்கல்ல. இன்னும் ஒருக்கா போணும்,” என்றான் சிவதாணு.

“எனக்கு நிக்கவே ஒக்கல்ல.”

“நான் பிடிச்சுக்கிடுவேன், நீ வா.”

போனார்கள். நூற்றிரண்டு டிகிரிக் காய்ச்சலில், அவன் தோளில் சாய்ந்தபடி, அவள் இன்னும் மூன்று சுற்றுச் சுற்றினாள். வீட்டில் அவன் விடியும்வரை நெற்றிக்குத் துணி நனைத்துப் போட்டான். இப்படியே மேலும் நாலு நாள் போயிற்று. அன்பினால் போயிற்று என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. முரடனாக இருந்திருந்தால் அவன்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக எழுதியிருப்பேன்.

[முதல் பிரதியில் அவனை முரடனாகத்தான் எழுதினேன். அவள் நெற்றியில் ஈரத்துணி வைக்க ஆள் இல்லாமல் போயிற்று, மாற்றிவிட்டேன்.]

5.

இங்கே ஒரு சந்தேகம். தினமும் பெண்களுக்கு அளவெடுக்கிறவள், எவளுக்கு எங்கே தழும்பு, எங்கே தேமல் என்று அறிந்தவள், தன் உடம்பைக் காட்ட இவ்வளவு கூசுவாளா?

யோசித்துப் பார்த்ததில், அதனால்தான் கூசுவாள் என்று படுகிறது. அவள் வாய் திறந்ததில்லை. ஆனால் அடுத்த தெருத் தையல்காரி திறந்தாள்; ஒரு பெண்ணின் முதுகைப்பற்றி ஊர் முழுக்க ஒரு மாதம் பேசியது. பார்க்கப்பட்ட உடம்பு பேசப்படும் என்பதைப் பிரேமகுமாரி தொழிலிலேயே கற்றவள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பொருக்கை அங்கே வைத்தது நான். மணிக்கட்டில் வைத்திருந்தால் சிவதாணுவே பார்த்திருப்பான், கதை நாலாம் பகுதியிலேயே முடிந்திருக்கும். கதை நீளவேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணின் உடம்பில் இடம் தேடினேன். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அழிக்கவில்லை.

6.

பதின்மூன்றாம் நாள், நெய்யாற்றின்கரை டவுனில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. டாக்டர் ரேஷ்மிக்கு முப்பது வயதிருக்கும். பிரேமகுமாரியிடம் சுடிதார் தைக்கக் கொடுப்பவள்.

“எங்கயாவது காட்டுப் பக்கம் போனீங்களா சேச்சி?”

பதில் சிவதாணுவிடமிருந்து வந்தது. “சேரு தீண்டினதாக்கும் டாக்டரே. ரெண்டு தடவை தான்னி சுத்தியாச்சு.”

ரேஷ்மி சிரிக்கவில்லை. எத்தனை நாளாயிற்று, எங்கே போனார்கள், புல் இருந்ததா என்று கேட்டாள். பிறகு ஒரு சீட்டை எழுதி, ரத்தப் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வரச் சொல்லி அவனை வெளியே அனுப்பினாள். திரையை இழுத்தாள். திரை ஒரு சாண் குறைவாகத் தைத்திருந்தது. அதன் கீழே சிவதாணுவின் செருப்புகள் தெரிந்தன. அவன் போகவில்லை, அவளைத் தனியே விட மனம் வரவில்லை. அவனுக்குப் பின்னால் காத்திருந்தவர்களின் கால்கள் வரிசையாகத் தெரிந்தன.

ரேஷ்மி குரலைத் தாழ்த்தினாள்.

“உடம்பில வேற எங்கயாவது என்னவாவது உண்டா சேச்சி? எந்த இடமானாலும் சொல்லலாம். எனக்க அளவெல்லாம் நீங்க எடுத்ததில்லியா?”

பிரேமகுமாரி செருப்புகளைப் பார்த்தாள்.

7.

முடிவு அ: சொல்கிறாள். டாக்டர் பார்க்கிறாள். இது செள்ளுப்பனி, தமிழ்ச் செய்தித்தாள்கள் ஸ்கிரப் டைபஸ் என்று எழுதும் காய்ச்சல். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் மாத்திரைதான். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்குகிறது. தான்னிதான் பொறுத்தது என்று சிவதாணு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

முடிவு ஆ: “ஒண்ணும் இல்ல மக்கா” என்கிறாள். சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு வீட்டுக்குப் போகிறார்கள். மூன்றாம் நாள் மூச்சு வாங்குகிறது. பெரிய ஆஸ்பத்திரி. ‘தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே சிவதாணு’

[இதற்குமேல் எழுத எனக்கு ஆகவில்லை.]

முடிவு இ: அவள் எதுவும் சொல்லாமலே டாக்டர் தானாகக் கண்டுபிடித்துவிடுகிறாள். இது எழுத எளிது. ஆனால் நூறு பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் அப்படி எத்தனை டாக்டரால் முடியும்? நம்பும்படி எழுத எனக்கு வரவில்லை.

முடிவை வாசகரிடம் விடுவதை மரியாதை என்பார்கள். எனக்கு மரியாதையெல்லாம் இல்லை. ஆ-வை எழுதத் தொடங்கிப் பாதியில் விட்டேன். அ என்று எழுதினால் நானே நம்பமாட்டேன். ஆகவே அவளுடைய பதிலுக்கான இடத்தை வெறுமனே விடுகிறேன். திரை இழுத்தாயிற்று. டாக்டர் கேட்டாயிற்று.

பிரேமகுமாரி, “

நீங்கள் நிரப்புங்கள். யோசித்து நிரப்புங்கள், அவசரமில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நீங்கள் யோசிக்கிற நேரம் முழுக்க அவளுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கிறது.