தையற்காரரின் உள்ளங்கால்

உச்சியில் நின்ற கதிரவன் மேற்கே ஒரு சாண் சரிந்து, கடைத்தெருவின் ஒருபுறம் வெயிலும் மறுபுறம் நிழலுமாய்ப் பிரிந்து கிடக்க, உண்டு முடித்த வணிகரெல்லாம் கல்லாவின்மேல் தலைசாய்த்துக் கண்ணயர்ந்த வேளையில், மாடியறை ஒன்றிலிருந்து "ஐயோ! அம்மா!" என்றோர் அலறல் எழுந்து தெருவெங்கும் பரவியது. அஞ்சற்க, நண்பரே! அங்கே எவரும் எவரையும் கொன்றுவிடவில்லை. பாதம் அழுத்தி நோய் தணிக்கும் பெண்ணொருத்தி தன் தொழிலைச் செய்துகொண்டிருந்தாள், அவ்வளவே.

உள்ளங்கால் முழுவுடலின் வரைபடம் என்பது அவள் கற்ற கலையின் முதற்பாடம். பெருவிரலில் தலையும், விரலடி மேட்டில் நெஞ்சும், நடுவளைவில் வயிறும் குடியிருப்பதாகவும், அழுத்தி வலித்தால் அவ்வுறுப்பு நொந்திருப்பதாகவும், வலியாவிடில் நலமுற்றிருப்பதாகவும் அவள் நம்பினாள். ஆதலால் வருவோரிடம் நோய் யாதென அவள் கேட்பதேயில்லை. கட்டைவிரலை ஊன்றி, முகம் சுளிப்பதைக் கண்டே அறிந்துகொள்வாள்.

சென்ற வாரம் அவள் அக்காள், தையற்காரரான தன் கணவரை வலிந்து இழுத்துவந்து அவள்முன் அமர்த்தியிருந்தாள். அவருக்கு ஓயாத தாகம், ஓயாத களைப்பு, மருத்துவரிடம் போகச் சொன்னாலோ காதில் போட்டுக்கொள்வதில்லை. அவள் அழுத்தினாள், அழுத்தினாள். மனிதர் புருவத்தைக்கூட அசைக்கவில்லை. "உங்களுக்கு இரும்பு உடம்பு அத்தான்! ஒரு குறையும் இல்ல," என்று அவள் வியந்துரைக்க, அவருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவரிடமெல்லாம் அதையே பேசிப் பெருமையடித்துக்கொண்டார்.

அவளுக்கோ அந்த வியப்பு அடங்கவில்லை. பதினான்கு ஆண்டுகளில் அவள் தொட்ட பாதங்களுள் ஓரிடமேனும் நோகாத பாதம் ஒன்றில்லை. அதெப்படி இவருக்கு மட்டும்? தன் காலையே மடித்துவைத்து அழுத்திப் பார்த்தாள், துள்ளிக் குதித்தாள். அறிந்தே தீரவேண்டும் என்னும் ஆவல் உந்த, இன்று அவரை மீண்டும் அழைத்திருந்தாள்.

துணியில் கோடு கிழிக்கும் வெண்கட்டியைக் காதிடுக்கில் செருகியவாறே வந்தமர்ந்தவரைக் கண்மூடச் சொன்னாள். இடப்பாதத்தைப் பற்றி, நகக்கண் வெளுக்குமளவும் கட்டைவிரலை ஊன்றினாள். இன்னும் ஊன்றினாள்.

"என்னம்மா யோசனை? ஆரம்பிக்கலாமே, கடையில வேலை கெடக்கு," என்றார் அவர், கண்மூடியபடியே.

அவள் திடுக்கிட்டாள். குதிகாலுக்கு நகர்ந்த விரலில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தாள்: துணியில் குத்தும் குண்டூசி ஒன்று, தலைவரை இறங்கிக் கிடந்தது. சத்தமின்றிப் பிடுங்கி எறிந்துவிடலாம். சொன்ன சொல்லும் பெற்ற பெயரும் பிழைக்கும். எதிரே இருவர் தம் முறைக்குக் காத்திருந்தனர். இவர் காலோ, இப்படியே விட்டால், ஒருநாள் புண்ணாய்ப் புரையோடிப் போகும்.

"அத்தான், நான் அன்னைக்கு சொன்னது தப்பு," என்றாள் எல்லாரும் கேட்க. "உங்களுக்கு வலி இல்லாம இல்ல. வலி தெரியல."

"விளையாடுறியா? நீதானே இரும்புன்னு சொன்ன!" என்று அவர் சீறினார்.

அவள் ஊசியைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அவருடைய ஊசிதான்.

"இது எப்பக் குத்துச்சு?" என்றார் அவர்.

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

அவர் முகம் வெளிறியது. மறுகாலைத் தாமே தூக்கி அவள் மடியில் வைத்து, "நல்லா அழுத்தும்மா. ஓரிடமாவது வலிக்கட்டும்," என்றார். கெஞ்சுகிற குரல் அது. விரல்களில் அழுத்தினாள், ஒன்றுமில்லை. வளைவில், குதிகாலில், ஒன்றுமில்லை. கணுக்காலைக் கடந்து இரு விரற்கடை மேலே ஊன்றியபோது, "ஆ!" என்று அலறினார் அவர். அவள் கண்களில் நீர் முட்டிற்று. அவர் காதிலிருந்த வெண்கட்டியை உருவி, அவ்விடத்தே ஒரு கோடு கிழித்தாள்.

"எனக்கே அளவு எடுக்குறியா?" என்றார் அவர், வலிந்து நகைத்தபடி.

"ஆமா அத்தான். மருத்துவர்கிட்ட காட்டத்தான். வாங்க, இப்பவே போவோம்."

காத்திருந்தோரை நாளை வரச் சொல்லி, ஊசி பிடுங்கிய காலுக்குத் துணி சுற்றி, கதவைப் பூட்டி, அவர் கையைப் பற்றிப் படியிறங்கினாள். உணர்விழந்த அக்கால்கள் எங்கே மிதிக்கின்றன என்பதை, ஒவ்வொரு படியிலும், இருவரும் குனிந்து பார்த்தே சென்றனர்.